வடிகட்டிக் கொடுத்த குட்டைத் தண்ணீர்

அறுபதுகளின் தொடக்கத்தில் விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் வேதியியல் டீச்சர். எனக்கு எல்லாம் தெரியும் என்று தெருவில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. பால் திரிந்தால் கேட்பார்கள், சேலையில் கறை பட்டால் கேட்பார்கள். தெரியாத கேள்வி வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஏதாவது சொல்லிவைப்பேன்.

ஆமத்தூரிலிருந்து சனிக்கிழமை தோறும் ஓர் அக்கா காய்கறிக் கூடையோடு வருவார். அவருடைய நிலத்துக்கு மேட்டில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. மருந்துப் பீப்பாய்களைக் கழுவிவிட்ட தண்ணீர் சரிவில் இறங்கி அவர் குட்டையில் சேர்ந்து, முந்தின வருஷம் மிளகாய்ச் செடி மொத்தமும் கருகிப்போனது. அவர் போய்ச் சத்தம் போட்டதும் கழுவுகிற இடத்தை வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள். ஏற்கெனவே குட்டையில் கிடப்பதற்கு என்ன வழி என்று கேட்டதற்கு, "அது தன்னால போயிரும்" என்றாராம் கணக்குப்பிள்ளை. என்றைக்குப் போகும் என்று அவர் சொல்லவில்லை.

"தை மாசம் நாத்து நடணும் டீச்சரம்மா. இந்த வருசமும் கருகுச்சுன்னா நிலத்தக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான். தண்ணி நல்லாயிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார் அக்கா.

செடியைக் கொன்றது தீக்குச்சி மருந்தில் சேரும் குளோரேட் உப்பு. அதைக் கண்டுபிடிக்க எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு வழி இருந்தது. நீலக் கரைசலும் அமிலமும் விட்டால், உப்பு உள்ள தண்ணீரில் நீலம் வெளுத்துவிடும். இல்லாத தண்ணீரில் நிற்கும். கொஞ்சம் தண்ணீரைப் பாட்டிலில் வைத்து வாரம் ஒருமுறை சோதித்தால், உப்பு எப்போது சிதைந்து போகிறது என்று தெரிந்துவிடும். குட்டைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

புளி போட்டு விளக்கிய பித்தளைத் தூக்கில் கொண்டுவந்தார். கிணற்று நீர் தோற்றுவிடும், அப்படி ஒரு தெளிவு.

"மூணு வாட்டி வேட்டியில வடிகட்டிக் கொண்டாந்தேன். உங்க வீட்டுக்குப் போயிச் சேத்துத் தண்ணியவா கொண்டார்றது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தண்ணின்னா இப்படித்தாங்க்கா கொண்டுவரணும்" என்று பாராட்டி, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைத்தேன். சாமி படத்துக்குக்கூட நான் அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். ஒவ்வொரு தடவையும் நீலம் வெளுத்தது. தை பிறந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னேன்: "நடாதீங்கக்கா." அக்கா அன்றைக்குக் கத்தரிக்காயைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிட்டுப் போனார்.

பங்குனியிலும் பாட்டில் தண்ணீர் நீலத்தை வெளுத்துக்கொண்டுதான் இருந்தது. குட்டையும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க, கரைசலையும் அமிலத்தையும் பையில் போட்டுக்கொண்டு ஆமத்தூருக்கே போனேன். நான் சொன்னது சரிதான் என்று நேரில் பார்த்துக்கொள்ளும் ஆசையும் இருந்தது. குட்டையில் கலங்கல் தண்ணீர், அடியில் கரேலென்று நாற்றமடிக்கிற சேறு. தண்ணீரை முகந்து கரைசலை விட்டேன். நீலம் நின்றது. இன்னொரு மூலையில் முகந்தேன். அங்கேயும் நின்றது.

பாவி அந்தச் சேறு! அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தாம் உப்பைச் சிதைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கியிருக்கின்றன. வேலைக்காரர்களையெல்லாம் அக்கா வேட்டியால் வடிகட்டிக் குட்டையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். நானோ வெறும் தண்ணீரை அலமாரியில் வைத்து, ஏன் வேலை நடக்கவில்லை என்று ஐந்து வாரம் காத்திருக்கிறேன். இந்த அழகில் பாராட்டு வேறு.

அப்போதுதான் சோளத் தட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கண்ணில் பட்டது. மிளகாய்ச் செடி, இடுப்பு உயரம், கொத்துக் கொத்தாய்க் காய். அக்கா ஓடிவந்து மறைக்கிற மாதிரி முன்னால் நின்றார். முகத்தில் திருடு பிடிபட்ட பயம்.

"கோவிச்சுக்காதீக டீச்சரம்மா. மனசு கேக்கல. இந்தக் குட்டத் தண்ணியத்தான் பாய்ச்சினேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பு என்னுடையது என்று சொன்னேன். சேற்றின் கதையைச் சொன்னேன். "மிச்ச நாத்து எங்கக்கா?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்குப் போட்டுட்டேன்."

"இது ரெண்டையும் நட்ட மாதிரி அம்புட்டையும் நட்டிருக்கக் கூடாதா?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது எப்படி? அம்புட்டுப் படிச்ச நீங்க சொல்லியிருக்கீக. உங்க பேச்சையும் கேக்கணும்ல?"