பேரன்ட்ஸ் கடலின் ஒலிப்பதிவு

கிரிஜா கடலைக் காதால் அறிந்தவள். நோர்வேக்கு வடக்கே இருக்கும் பேரன்ட்ஸ் கடலின் அடியில் பதிவான ஒலிகள் லண்டனில் அவள் வேலைசெய்யும் ஆய்வுக்கூடத்துக்கு வரும். எது பனிப்பாளம் உரசுவது, எது சீல், எது கப்பல் என்று கேட்டுப் பிரிப்பது அவள் வேலை. அங்கே போய்வந்தவன் அவள் கணவன் றொமேஷ். பதிவுக் கருவிகளைக் கப்பலில் கொண்டுபோய்க் கடலுக்குள் இறக்கும் பொறியியலாளன். சில வருசங்களுக்கு முன் விம்பிள்டன் ஸ்டேசன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், பிறகு எழும்பவில்லை. மகள் ஆரணி அப்போது சின்னப்பிள்ளை.

அவன் கடைசியாக இறக்கிய கருவி திரும்பி வரவேயில்லை. எடுக்கப் போன கப்பலைப் பனி கிட்ட விடவில்லை. தொலைந்துபோனதென்று விட்டுவிட்டார்கள்.

போன இலையுதிர்காலத்தில் அந்த இடத்தில் பனியே இல்லை. அத்திலாந்திக்கிலிருந்து வரும் சூடான, உப்புக் கூடிய நீர் முன்பு ஆழத்திலேயே கிடக்கும். குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர் அதன் மேல் படர்ந்து, சூடு பனியைத் தொடாமல் காத்தது. இப்போது அந்த மேல்நீர் மெலிந்து, சூடு பனியை எட்டிவிட்டது. திறந்த கடலில் கப்பல் கொக்கி போட்டு இழுக்க, துருப்பிடித்த கருவி மேலே வந்தது.

"இதை வேற யாராவது கேக்கட்டுமா, கிரிஜா?" என்றாள் ஆய்வுக்குழுத் தலைவி பிரீத்தா. சென்னைக்காரி.

"இல்லை, நானே கேக்கிறன்."

முதலில் காற்று, சங்கிலிச் சத்தம். பிறகு மிகக் கிட்ட, தமிழில் றொமேஷின் குரல்: "கவனமா இரு, என்ன? வாற வருசம் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

கருவியோடு கதைத்திருக்கிறான். உடனே தண்ணீர் மூடும் சத்தம்.

கிரிஜா ஹெட்போனைக் கழற்றவில்லை. ஒரு முழுக் குளிர்காலத்துப் பனி அவள் காதுக்குள் முனகியது. சீல்கள் நீட்டி நீட்டிக் கூவின. அதே இடத்தில் புதிதாக இறக்கிய கருவியில் இந்தக் குளிர்காலம் பதிவானதை அடுத்து வைத்துக் கேட்டாள். அலை. கப்பல் இயந்திரம். மறுபடியும் அலை. அந்த வெறுமைக்குள் அவன் மறுபடி கதைப்பான் என்று காத்திருந்தாள். வீடு திரும்பும் ரயிலில் பிரேக் கிறீச்சிட்டபோதுகூட அவன் குரலோ என்று திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க வீட்டில இருந்தாலும் இல்லாத மாதிரித்தான்," என்றாள் ஆரணி.

கிரிஜா பதிவைப் போட்டுக் காட்டினாள்.

ஆரணி அதைத் திரும்பப் போடச் சொன்னாள். "அப்பா இப்பிடித்தான் கதைப்பாரா? எனக்கு மறந்திட்டுது."

"ஓம். இப்பிடித்தான்."

பனி முனகலைக் கேட்டபோது பிள்ளை தாயின் கையைப் பிடித்தாள். "ஆரோ அழுற மாதிரி இருக்கு." பிறகு புதிய பதிவு. "இதில ஒண்டுமே இல்லையே, அம்மா."

கிரிஜா பதிவை நிறுத்தினாள்.

பதிவை வெளியிட முன் மனிதக் குரல்களை நீக்கவேண்டும் என்பது விதி. "ஆமா, விதிதான். ஆனா உங்களுக்காக மேலிடத்துல கேட்டுப் பாக்கறேன்," என்றாள் பிரீத்தா. கிரிஜா வேண்டாமென்று சொல்லிவிட்டு, தானே அந்தத் துண்டை வெட்டினாள். ஒரு பிரதியை மட்டும் மகளுக்குக் கொடுத்தாள்.

அதன்பிறகு ஞாயிறு காலைகளில் ஆரணியின் மாடி அறையிலிருந்து றொமேஷின் குரல் கேட்கும். கிரிஜா அடுப்பை அணைத்துவிட்டு, அது முடியும்வரை அசையாமல் நிற்பாள். ஒரு ஞாயிறு அது கேட்கவில்லை. கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, அவளே மேலே போய் மகளின் கதவைத் தட்டினாள். "ஆரணி, ரெண்டுபேருமா இருந்து கேப்பமா?"