பட்டியலில் இல்லாத கீறல்

எனக்கு எழுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணுவது வேலை. பெட்டி நசுங்கியிருந்தாலும் சீல் அறுந்திருந்தாலும் சீட்டில் ரிமார்க் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாமல் போட்டால் அந்தச் சேதம் நம் தலையில் விடியும். யார் எதை நீட்டினாலும் திருப்பித் திருப்பிப் பார்க்கும் புத்தி அங்கே வந்தது. ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் அது மட்டும் ஓய்வு பெறவில்லை.

என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். கண்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நிற்கும் சாலை. திரும்பி வரும்போது அவளுக்கு உட்காரக்கூடத் தெம்பு இருக்காது, ஆட்டோ குலுக்கல் ஆகாது. நான் ஓட்டாவிட்டால் அவள் பாடு திண்டாட்டம்தான். வயதைக் காட்டி யார் வாயைத் திறந்தாலும் இதைச் சொல்லி அடைத்துவிடுவேன்.

காரின் இன்சூரன்ஸ் முடியப்போவதாக ஏஜெண்ட் வந்து சொன்னார். காசிமேட்டுக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, அலை ஒத்துக்கொள்ளாமல் கரையில் தொழில் தேடிக்கொண்டவர்.

"ஃபுல் கவர் எடு நைனா. இன்ஜின் கவரும் சேத்துக்கோ. மழ வந்தா உன் தெரு இன்னா ஆவுதுன்னு நீயே பாத்துகினுதான கீற."

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததே எனக்கு உறுத்தியது.

"உனக்கு இதுல கமிஷன் ஜாஸ்தியா?"

"ஜாஸ்திதான். இல்லாங்காட்டி இந்த வெயில்ல நான் ஏன் சுத்தினு கீறேன்?"

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிற மனுஷன் வேறு எதையோ மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தேர்ட் பார்ட்டி போதும் என்று சொல்லி அனுப்பினேன். அதில் நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்குப் பணம் கிடைக்கும். நம் வண்டிக்கு ஒன்றும் கிடையாது. நான் யாரை இடிக்கப் போகிறேன்? இத்தனை வருஷத்தில் ஒரு கிளெயிம் போட்டதில்லை.

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். "தேர்ட் பார்ட்டியே போதும்ப்பா. பழைய வண்டி. நீ இன்னும் எத்தினி நாள் ஓட்டப் போற?"

நான் நினைத்ததையேதான் அவனும் சொன்னான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. சாவியைப் பிடுங்கப் பார்க்கிறான். வண்டியை விற்கத் தயார் பண்ணுகிறான். அப்படியானால் ஃபுல் கவர்தான் சரியோ? ஏஜெண்டையும் நம்ப முடியவில்லை, மகனையும் நம்ப முடியவில்லை. இப்படியே இழுத்துக்கொண்டிருந்ததில் வெள்ளிக்கிழமையோடு பாலிசி காலாவதியாகிவிட்டது.

சனிக்கிழமை ஏஜெண்ட் மறுபடி வந்து ஆர்.சி. நகல் வாங்கிக்கொண்டார். கெடு தாண்டிவிட்டதால் ஃபுல் கவர் வேண்டுமென்றால் கம்பெனி வண்டியைப் பார்க்க வேண்டுமாம். மறுநாள் காலையில் வந்து செல்போனில் படம் எடுப்பதாகச் சொன்னார். அவர் போனதும் நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் அடிகளை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டால் நாளைக்கு யாரும் பேச முடியாது. முன் பம்பர் வலது மூலை: தண்ணீர் லாரி. டிக்கி: தெருப் பசங்களின் கிரிக்கெட் பந்து. கூரை: தென்னை மட்டை. இப்படிப் பதினொன்று. வண்டியைச் சுற்றி வந்து பார்க்கவில்லை. எல்லாம் மனப்பாடம். பதினொன்றில் ஒன்றுகூட என் கை செய்ததில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

ஞாயிற்றுக்கிழமை தாளை நீட்டியதும் ஏஜெண்ட் சிரித்துவிட்டார். "தன் வண்டில கீற அடிய தானே எழுதிக் குடுக்குற ஆள இப்பதான் நைனா பாக்குறேன்." சிரித்தபடியே செல்போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றினார். இடது பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் நின்றார்.

"இது உன் லிஸ்ட்ல இல்லையே."

குனிந்து பார்த்தேன். ஒரு சாண் நீளத்துக்கு உள்வாங்கி, நீல பெயிண்ட் அப்பியிருந்தது. ஏஜெண்டின் பைக்கும் நீலம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நேத்து நீதான இங்க பைக்க நிறுத்தின? இடிச்சிட்டு இப்ப படம் எடுக்க வந்துட்ட."

அவர் கோபப்படவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து கார் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார். ஹேண்டில் மேலே நின்றது, ஃபுட்ரெஸ்ட் கீழே நின்றது. எதுவும் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. அப்போதும் எனக்கு விடவில்லை. பைக்கைச் சாய்த்திருந்தால், என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஆள ஏன்யா வையிற?" என்றாள் என் மனைவி. எப்போது வாசலுக்கு வந்தாள் என்று தெரியவில்லை. "அது ஆஸ்பத்திரி கேட்டு பெயிண்டு. நீ வண்டிய திருப்புறப்ப உரசிக்கிச்சி. மூணு வாரம் ஆவுது."

"எனக்குத் தெரியலையே."

"உனக்குத் தெரியல. சத்தமும் கேக்கல. எனக்குக் கேட்டுது."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா பயந்துடுவ. பயந்துகினு ஓட்டுனா இன்னும் மோசம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. மூன்று வாரம் என்றால் ஒன்பது தடவை. என் கண்ணும் காதும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டே ஒன்பது தடவை அவள் என் வண்டியில் ஏறியிருக்கிறாள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட நான், அந்த ஒன்பது தடவையும் விசில் அடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன்.

ஏஜெண்ட் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இப்ப இன்னா போடட்டும் நைனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தாளை வாங்கிப் பன்னிரண்டாவதாக எழுதினேன். இடது பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே, ஓட்டியவர் தவறு. என் பெயரும் எழுதினேன்.

"ஃபுல் கவரே போடு. மவன் வந்தா ஓட்டட்டும். கண்ணையும் காதையும் டாக்டராண்ட காட்டுற வரைக்கும் நான் தொடமாட்டேன். நாளைக்கு ஆட்டோல போய்க்கிறோம்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஆட்டோவெல்லாம் வேண்டாம், நீயே ஓட்டு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எத்தினி மணிக்கு வரச் சொல்லுவ?" என்று கேட்டாள்.