செல்விக்கு நாலு ஊசி

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறையில் உதவியாள் வேலை என்றால் பஞ்சு எடுத்துக் கொடுப்பது என்று நினைப்பார்கள். போட்டுக்கொண்டவரை அடுத்த தேதிக்குத் திரும்ப வரவைப்பதுதான் வேலை. பிள்ளை வரும் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே வாசலுக்கும் அடுப்புக்குமாக நடக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

மிளகுத் தூள்

போன பறிப்புக் காலத்தில், நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற செல்வியை நாய் கடித்துவிட்டது. கையில் நாலு பல் பதிந்திருந்தது. அதன்மேல் மிளகுத் தூளை அப்பிக்கொண்டு வந்தாள். நாய் யாருடையது என்று கேட்டால் தெரியாது என்றாள். வெறிநாயாக இருந்து நோய் வந்துவிட்டால் பிழைக்க வைக்க முடியாது. குழாயடியில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக் கால்மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

"நாய் கடிச்சப்பகூட இப்படி எரியலைங்க, அக்கா."

அடுத்தவர் உடம்பில் ஊறியது

டாக்டரம்மா சொல்வதை எட்டாவது வரை படித்த என் தமிழில் திருப்பிச் சொல்வது என் பழக்கம். ஒவ்வொரு கிருமிமேலும் அதற்கே உரிய அடையாளம் உண்டு, அது ஆன்டிஜென். அந்த அடையாளத்தில் சரியாகப் பொருந்திப் பிடித்துக்கொள்ள நம் உடம்பு செய்வது ஆன்டிபாடி. ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றைப் பிடிக்காது. தடுப்பூசியில் இருப்பது செத்த கிருமி. அதைப் பார்த்து உடம்பு கற்றுக்கொள்ளும், ஆனால் நாள் பிடிக்கும். அதுவரை காவலுக்கு, வேறொருவர் உடம்பில் ஊறிய ஆன்டிபாடியைக் காயத்தைச் சுற்றிப் போடுகிறோம். அது சில வாரத்தில் கரைந்துவிடும். அதனால் இன்று ஒரு தடுப்பூசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்.

புரிந்ததா என்றேன்.

"புரிஞ்சுதுங்க. அடுத்தவங்களுது எனக்குச் சேருதுங்களா? நொம்ப நல்ல ஏற்பாடுங்க."

சீட்டோடு வந்தவள்

மூன்றாம் நாள் தவறாமல் வந்தாள். அந்த நாய் காப்பி காயவைக்கும் களத்தருகே செத்துக் கிடந்ததாகச் சொன்னாள். கடித்த நாய் சில நாளில் செத்தால் வெறிநாய் என்றுதான் சந்தேகப்பட வேண்டும்; அன்றிலிருந்து ஏழாம் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் செல்வியின் சீட்டை நீட்டிய முகம் வேறு. "நீ யாரு கண்ணு?" என்றேன். தங்கச்சி ராணியாம். எஸ்டேட்டில் ஒருத்தி வேலைக்கு வர முடியாவிட்டால் வீட்டாள் ஒருத்தி அவள் வரிசையில் நின்று பறிப்பது வழக்கம். அதே வழக்கப்படி ராணி ஊசிக்கு வந்திருக்கிறாள். சட்டைக் கையைச் சுருட்டித் தயாராக நின்றாள்.

"அடுத்தவங்க உடம்புல ஊறுனதே சேரும்னு நீங்கதான் சொன்னீங்களாமுங்க. நான் கூடப் பொறந்தவ, இன்னும் நல்லாச் சேருமில்லீங்க?"

காப்பிச் செடிகளுக்கு நடுவில்

தப்பு என்னுடையது. நர்சம்மாவிடம் சொல்லிவிட்டு, ராணியைக் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். செல்வி கூடை நிறையப் பழத்தோடு நின்றாள். "ராணி உடம்பு கத்துக்கிட்டா ராணிக்குத்தான் காவல். முதல் நாள் உனக்குப் போட்டது ரத்தத்துலேர்ந்து பிரிச்சு, மருந்தாக்கி வந்தது. பக்கத்துல படுத்தா ஒட்டிக்காது. உன் உடம்பே கத்துக்கணும்" என்றேன். அவள் கண்கள் ரைட்டரைப் பார்த்தன. கூலிக் கணக்கு எழுதுகிறவர் அவர்தான்.

"நாளைக்கு அனுப்புறேனுங்க" என்றார் அவர்.

"ஏழாம் நாள் இன்னைக்குங்க" என்று சொல்லி, செல்வியின் கூடையை வாங்கி ராணியின் இடுப்பில் கட்டினேன். "வரிசைக்கு ஆள் மாத்திக்கலாமுங்க. ஊசிக்கு மாத்த முடியாது. இவ வராம நான் போகலைங்க."

ரைட்டர் சுற்றிப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் பறிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட்டிட்டுப் போங்க, அம்மா. நீங்க நிக்கிற வரைக்கும் ஒருத்தியும் பழத்துல கை வெக்க மாட்டா."

இருபத்தெட்டாம் நாள்

முதல் பஸ்ஸுக்கே போய் நின்றேன். மூன்றாவது பஸ்ஸில் செல்வி இறங்கினாள். பின்னால் ராணி. என் முகம் போன போக்கைப் பார்த்து, துணைக்குத்தான் வந்தேன் என்றாள். நாலாவது ஊசியும் செல்வியின் கையிலேயே இறங்கியது. உன் உடம்பு செய்த காவலில் எனக்கும் கொஞ்சம் தருவாயா என்று ராணி அக்காவைச் சீண்டினாள்.

"உன்னை நாய் கடிச்சா நீயே வந்து போட்டுக்க. நான் செஞ்சது எனக்கு மட்டுந்தான்."

கிருமியின் அடையாளத்தைக் கற்றுக்கொள்ள செல்வியின் உடம்புக்கு நாலு ஊசி போதுமாயிருந்தது; "புரிஞ்சுதுங்க" என்று சொல்கிறவரிடம் என்ன புரிந்தது என்று கேட்கக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு இத்தனை வருட வேலை பிடித்திருக்கிறது.