எண்ணெய் சொட்டாத இடம்

1. எழுந்து நின்ற டிப் ஸ்டிக்

மைதீன் பாயின் பழைய டீசல் கார் மூன்றாம் தடவையாக எங்கள் ஷெட்டுக்கு வந்தபோது, எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் தன் குழாயை விட்டு விரல் நீளம் வெளியே வந்து நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளம்பி ராஜபாளையம் வந்து சேர்வதற்குள் அது தானாக எழும்பியிருக்கிறது. பானட்டைத் தூக்கினால் பேட்டரியின் தலையெல்லாம் கரும் எண்ணெய்.

நான் படித்தது ஆட்டோமொபைல் டிப்ளமா. பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தென்காசி ரோட்டில் சின்னதாக ஷெட் போட்டேன். என்னுடன் வேலை செய்கிறவன் பாண்டி. மம்சாபுரத்துக்காரன், வயது ஐம்பதை நெருங்குகிறது. கை சுத்தமான மெக்கானிக். வாய் மட்டும் அடங்காது.

“என்ன பாய், மறுபடியுமா?” என்று கேட்டேன்.

“மறுபடியும்தான் சார். மொதல்ல முன்னாடி ஒழுகுச்சு, அடைச்சிய. பொறவு மேல ஒழுகுச்சு, அதையும் அடைச்சிய. இப்ப இவரு எந்திரிச்சு நிக்காரு.”

“மரியாத தெரிஞ்ச வண்டி பாய். பெரியவுகளப் பாத்ததும் எந்திரிக்கு” என்றான் பாண்டி.

பாய் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், ஞாயித்துக்கெழம மவன் சென்னையிலருந்து வாரான். இதக் காயலாங்கடையில போட்டுட்டு உயரமான புது வண்டி ஒண்ணு எடுப்போம்னு சொல்லுதான். இந்தத் தடவையும் சரியாவலன்னா, நான் அவன்கிட்ட பேச ஒண்ணும் இல்ல.”

அவர் ஏன் இந்தக் காரை விடமாட்டேன் என்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் மனைவி ஜமீலா அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து, வாக்கர் பிடித்து நடக்கிறார். பிசியோதெரபிக்கு ராஜபாளையம் வர வேண்டும். இந்தக் காரின் கதவு அகலம், சீட் தாழ்வு. வாக்கரை நிறுத்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, கதவையும் அவரே சாத்திக்கொள்வார். புது வண்டியை ஷோரூமில் பார்க்கப் போன அன்று இரண்டு பேர் அவரைத் தூக்கி உட்கார வைத்தார்களாம். இறங்கியதும், இனிமேல் வீட்டை விட்டு எங்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். அவராக ஏறி அவராக இறங்கும் வண்டி இது ஒன்றுதான்.

2. எண்ணிப் பார்த்தும் புரியாதது

எனக்கு எதையும் எண்ணுகிற பழக்கம் உண்டு. கழற்றின போல்ட்டை எண்ணித் தட்டில் போடுவேன், எண்ணி எடுத்து மாட்டுவேன், தட்டு காலியான பிறகும் ஒரு தடவை தட்டைத் தடவிப் பார்ப்பேன். அன்றைக்குச் சந்தேகங்களை எண்ணினேன்.

முதல் தடவை எஞ்சினின் முன்பக்கம் கிராங்க் புல்லிக்குப் பின்னால் இருக்கிற ஆயில் சீல் ஒழுகியது. மாற்றினோம். இரண்டாம் தடவை எஞ்சினின் தலையை மூடுகிற டேப்பட் கவரின் பாக்கிங். அதையும் மாற்றினோம். புது சீலும் புது பாக்கிங்கும் போட்ட எஞ்சினில் எண்ணெய் வேறு வழி தேடி டிப் ஸ்டிக் குழாய் வழியாக வந்திருக்கிறது. அப்படியென்றால் எண்ணெயை உள்ளேயிருந்து ஏதோ தள்ளுகிறது.

இளைய மெக்கானிக்குகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ஓரமாகக் கொஞ்சம் காற்று கசிந்து, கீழே எண்ணெய் நிற்கும் அறைக்குப் போகும். புது எஞ்சினிலும் போகும். அது வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பிரீதர். இந்தக் காரில் டேப்பட் கவரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் கிளம்பும். அதன் தொடர்ச்சியாக ஓர் இரும்புக் குழாய் எஞ்சினின் இடப்பக்கமாக இறங்கித் தரையைப் பார்த்து நிற்கும். அந்த வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே பலம் குறைவோ அங்கே எண்ணெயைப் பிதுக்கும்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இரண்டாம் தடவை வந்தபோதே டேப்பட் கவரைக் கழற்றி, உள்ளே பிரீதர் வாயில் இருக்கிற கம்பி வலையை டீசலில் ஊறப்போட்டுக் கழுவியிருந்தேன். தார் மாதிரி பிசின் வந்தது. ஹோஸின் மேல் முனையைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பிரீதர் வேலை முடிந்தது என்று மனசுக்குள் கோடு போட்டுவிட்டேன். அந்தக் கோடுதான் என்னைச் சுற்றவிட்டது.

இடையில் பாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறொருவரிடமும் காட்டியிருக்கிறார். அவர் எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, புகை குபுகுபுவென்று வருகிறது, பிஸ்டன் ரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதும் தப்பில்லை. ரிங் தேய்ந்தாலும் பிஸ்டன் ஓரமாகக் காற்று கூடுதலாகக் கசிந்து இதே மாதிரிதான் அடிக்கும். ஆனால் இந்த எஞ்சினுக்குப் பிஸ்டன் செட் இப்போது கிடைப்பதில்லை. இறக்கினால் ஏற்ற முடியாது. காயலாங்கடைதான்.

சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் கேஜ் மாட்டிப் பார்த்தோம். நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு, அதுவும் நல்ல அளவு காட்டின. நம்ப முடியாமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அதே அளவுதான்.

“அண்ணாச்சி, கேஜ் தேஞ்சிரப் போவுது” என்றான் பாண்டி.

ரிங் நன்றாக இருக்கிறது. பிரீதர் கழுவியாகிவிட்டது. பிறகு எதற்கு அழுத்தம் ஏறுகிறது? பாயைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

“பாய், வண்டியில புதுசா எதாவது மாட்டுனியளா?”

“இல்ல சார்.”

“எதையாவது கழத்துனியளா? வேற யாராவது கை வச்சாங்களா?”

“யாரும் வைக்கல சார். நான் பேண்டேஜ் துணி யாவாரி. எனக்குப் பானட்டத் தொறக்கவே தெரியாது. நான் எங்க கை வைக்கப் போறேன்?”

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அதனால் என் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

3. பெஞ்சில் கிடந்த மூடி

டிப் ஸ்டிக்கை அழுத்தி மாட்டி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பாண்டியை ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னேன். அவன் போன பிறகு பெஞ்சைப் பார்த்தேன். துடைப்பதற்காகக் கழற்றி வைத்த ஆயில் மூடி அங்கேயே கிடந்தது. மூடி இல்லாமல் வண்டி ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. எஞ்சின் மேலெல்லாம் எண்ணெய் தெறிக்குமே என்று ரோட்டுக்கும் ஷெட்டுக்குமாக நடந்தேன்.

பாண்டி திரும்பி வந்து பானட்டைத் திறந்தான். மூடி இல்லாத துவாரத்தைச் சுற்றிக் கொஞ்சம் தெறித்திருந்தது. டிப் ஸ்டிக் இருந்த இடத்தில் இருந்தது. அதன் குழாயைச் சுற்றி ஈரம்கூட இல்லை.

“மூடியத் தொலச்சா வண்டி சரியாவுது அண்ணாச்சி. இதுக்குப் போயி டிப்ளமா படிச்சிருக்கிய.”

கேலிதான். ஆனால் விஷயம் அதில் இருந்தது. மேலே ஒரு வழி திறந்திருந்தால் எஞ்சின் சும்மா இருக்கிறது. மூடினால் பிதுக்குகிறது. அப்படியானால் அதற்கென்று வைத்த வழி வேலை செய்யவில்லை. அந்த வழியைத்தான் நான் கழுவிவிட்டேனே. இந்த இடத்தில் என் யோசனை மறுபடி மறுபடி முட்டி நின்றது.

பாய் போனைப் பார்த்தார். மத்தியானம் ஜமீலா அம்மாவுக்குப் பிசியோதெரபி. போய்க் கூட்டிவர வேண்டும். மூடியைப் போட்டு வண்டியைக் கொடுத்தனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நானும் வருகிறேன் என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். எங்கேயாவது டிப் ஸ்டிக் மறுபடி எழும்பினால் கையால் அழுத்திப் பிடிக்கவா போகிறேன்? இருந்தாலும் ஏறினேன்.

4. போர்டிகோ

பாய் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் தெரிகிற தெருவில் இருக்கிறது. முன்னால் போர்டிகோ, பளபளவென்று வெள்ளை டைல்ஸ். கார் தினமும் நிற்கிற இடத்தில் நாலைந்து சாக்கு விரித்திருந்தார்கள். பாய் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனார். நான் சாக்குகளைத் தூக்கித் தூக்கித் தரையைப் பார்த்தேன். எண்ணெய் எங்கே சொட்டியிருக்கிறது என்று பார்த்தால் எஞ்சின் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்.

ஜமீலா அம்மா வாக்கரோடு வாசலுக்கு வந்து நின்றார்.

“என்னண்ணே, குனிஞ்சு என்ன தேடுதிய?”

“தேடலம்மா. சொட்டு எண்ணுதேன்.”

“சரியாப் போச்சு. அவிய எண்ணெ ஊத்துதாவ, நீங்க எண்ணுதிய. எம்புட்டு இருக்கு?”

“முன்னாடி ஏழு. வலப்பக்கம் பதினொண்ணு. இடப்பக்கம் மட்டும் ஒண்ணுகூட இல்ல.”

சொல்லும்போதே எனக்குள் ஏதோ இடறியது. இடப்பக்கம்தான் பிரீதர் குழாய் இறங்குகிறது. எத்தனையோ பழைய டீசல் எஞ்சின் பார்த்திருக்கிறேன். வேறு எங்கே ஒழுகாவிட்டாலும் அந்தக் குழாய் நுனியில் ஒரு சொட்டாவது விழும். இங்கே டைல்ஸ் துடைத்து வைத்தது போல இருக்கிறது.

“அங்க எப்படிண்ணே இருக்கும்? அந்தக் குழாய்க்குத்தான் அவிய கட்டுப் போட்டுட்டாவல்ல” என்றார் ஜமீலா அம்மா.

“எதுக்கு? என்ன கட்டு?”

“நான் ஆஸ்பத்திரியிலருந்து வந்த புதுசு. நான் ஏறுற பக்கம் சொட்டுச் சொட்டா எண்ணெ கெடந்துச்சு. வாக்கர் காலு ஒரு தடவ வழுக்கி விட்டுருச்சு. விழல, செவுத்தப் பிடிச்சுக்கிட்டேன். அன்னைக்கே இவிய கீழ படுத்து, பேண்டேஜ் துணிய வச்சு இறுக்கிக் கட்டிட்டாவ. அதுக்குப் பொறவு அங்க ஒரு சொட்டு கெடையாது.”

பேண்டேஜ் துணி நெய்கிற இந்த ஊர்ப் பக்கம் அது இல்லாத வீடு குறைவு. பால் வடிகட்டவும் அதுதான், கண்ணாடி துடைக்கவும் அதுதான். பாய் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

பாய் வெளியே வந்தார். எனக்குக் கோபப்படுவதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

“பாய், வண்டியில கை வச்சியளான்னு எத்தன தடவ கேட்டேன்?”

“வண்டியில எங்க சார் வச்சேன்? தரை வழுக்குதுன்னு குழாய் நுனியக் கட்டுனேன். அது தரைக்கில்ல செஞ்சது.”

அவர் மனசார அப்படித்தான் நினைத்திருக்கிறார். ஒழுகல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்பதைக்கூட அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் நின்றது, வேறிடத்தில் ஆரம்பித்தது. அவருக்கு அவை இரண்டு விஷயம்.

சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன். குழாய் நுனி குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. எண்ணெயும் ரோட்டுப் புழுதியும் ஏறிக் கறுத்து, ரப்பர் மூடி மாட்டினது போல இருந்தது. பிளேடால் கீறி எடுத்தேன். மேலே பிளாஸ்டர், உள்ளே மடித்து மடித்து வைத்த துணி, அதற்குள் குழாய் வாயை அடைத்துக்கொண்டு கெட்டிப் பிசின். நர்ஸ் கட்டியது போல ஒரு சுற்று மேல் ஒரு சுற்று, பிசிறு இல்லாமல். கம்பியை விட்டுக் குடைந்து, டீசலால் கழுவி, எஞ்சினை ஓட்டச் சொன்னேன். குழாய் நுனியில் மெல்லிய புகை வந்தது. டிப் ஸ்டிக் அசையவில்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். முன்பு போலக் குபுகுபுவென்று அடிக்கவில்லை.

பாண்டிக்குப் போன் செய்தேன்.

“கட்டா? நான் அதப் பாத்தேனே அண்ணாச்சி. கம்பெனியில போட்ட ரப்பர் மூடின்னுல்ல நெனச்சேன். அம்புட்டு நேர்த்தியா இருந்துச்சு. பாய நம்ம ஷெட்டுக்கு வேலைக்குக் கூப்பிடுங்க.”

5. மறுபடி சொட்டு

வேலை முடிந்தது என்று எழுந்தேன். பாய் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். குழாய் நுனியிலிருந்து ஒரு சொட்டு, ஜமீலா அம்மா வாக்கரை ஊன்றுகிற இடத்தில் விழுந்தது.

“இப்ப இங்க சொட்டுமே சார்” என்றார்.

எஞ்சினுக்கு மூச்சு வேண்டும், இந்த அம்மாவுக்கு வழுக்காத தரை வேண்டும். மனுஷன் இரண்டில் எது முக்கியம் என்று பார்த்துத்தான் கட்டியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

கடைசியில் பஜாரில் நீளமாக எண்ணெய் தாங்குகிற ஹோஸ் வாங்கி வரச் செய்து, குழாய் நுனியில் மாட்டி, சைலன்சர் சூடு படாத வழியாக வலப்பக்கம் பின்னால் கொண்டுபோனேன். அங்கே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, ஹோஸ் முனையைப் பாட்டில் வாயில் தளர்வாக நுழைத்தேன். எண்ணெய் பாட்டிலில் விழும், காற்று ஓரமாக வெளியே போகும்.

“பாட்டில அப்பப்ப கொட்டிரணும். ஆனா வாய அடைக்கக் கூடாது பாய்” என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னேன்.

“இனிமே கட்டுப் போடுற மாதிரி இருந்தா அவிய கையில போட்டு விட்டுருதேண்ணே, நீங்க கவலப்படாதிய” என்றார் ஜமீலா அம்மா.

முதலில் மாற்றின அந்த சீல் உண்மையிலேயே தேய்ந்திருந்ததா, அழுத்தத்தில்தான் ஒழுகியதா என்று எனக்கு இன்னும் தெரியாது. பழைய சீலை எடுத்து வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு நாள் தேய்ந்தது போலவும் ஒரு நாள் தேயாதது போலவும் தெரிகிறது. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். பிரீதர் என்றால் மேல் முனை மட்டும் இல்லை. காற்று வெளியே வருகிற கடைசி முனையில் கை வைத்துப் பார்க்கிற வரை அது சுத்தமாகிவிட்டது என்று கோடு போடக் கூடாது. வண்டிக்காரரிடம் வண்டியில் என்ன செய்தீர்கள் என்று கேட்பது போதாது. வண்டி நிற்கிற இடத்தில் என்ன செய்தீர்கள் என்றும் கேட்க வேண்டும். இப்போது ஷெட்டுக்கு வருகிற எல்லாரிடமும் கேட்கிறேன். “வண்டியப் பாக்கச் சொன்னா வீட்ட விசாரிக்காரு” என்று பாண்டி சொல்லிச் சிரிக்கிறான்.

அன்று மத்தியானம் நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜமீலா அம்மா வாக்கரை நிறுத்தினார். முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஒரு கால், இன்னொரு கால். கதவைச் சாத்திக்கொண்டார். பாய் பக்கத்தில் நின்றார், கை கொடுக்கவில்லை. வாக்கரை எடுத்து மடித்துவிட்டு, அது நின்ற இடத்தைச் செருப்பைக் கழற்றி வெறும் காலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார். பிறகு வந்து வண்டியை எடுத்தார்.