குரோட்டன் வேலி

சுகுமாரனின் இணையதளத்தைப் பார்த்துவிட்டு அழைத்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "புல் வெட்ட எவ்வளவு?" தோட்டங்களைத் திட்டமிட்டு வரைந்து அமைப்பது அவன் தொழில். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், அவன் வீட்டு முன்னறையில் வரைபலகை தூசி படிந்து கிடந்தது.

"கேக்காம என்னா செய்வாங்க?" என்றாள் பிரதீபா. ஈப்போவில் சிறு தொழில்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுப்பவள். "மொதப் பக்கத்துலயே மம்பட்டியோட நிக்கிறீங்க. எல்லா வேலையும் செய்வோம்னு எழுதியிருக்கீங்க. என்னா செய்யமாட்டீங்கன்னு சொல்லுங்கண்ணே, அப்பதான் சரியான ஆளு வருவாங்க."

மண்வெட்டிப் படம் போயிற்று. கறுத்த கையில் மண்வெட்டி இருந்தால் கூலி, அதே கையில் பென்சில் இருந்தால் நிபுணர். இந்த நியாயத்தை எவன் எழுதி வைத்தானோ!

"எப்படி வேலை செய்வீங்க?" என்று கேட்டாள்.

"வரையறதுக்கு முன்னாடி மழையில போயி நிப்பேன். தண்ணி எங்க ஓடுதுன்னு பாப்பேன். அந்த எடத்துல யாரு நடக்கறா, எந்தப் பக்கமா போறான்னும் பாப்பேன்."

அதையே அவள் முதல் வரியாக வைத்தாள். படங்களில் முக்கால்வாசியை நீக்கினாள். சிவப்புக் குரோட்டன் செடிகள் வரிசையாக நிற்கும் பழைய படத்தையும் நீக்கப் போனபோது அவன் தடுத்தான்.

"அது இருக்கட்டும்லா. என் மொதத் தோட்டம்."

அது தோட்டமல்ல. பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால், அவன் பிறந்த ரப்பர் தோட்டத்தின் இடுகாடு. கல் நட வசதியில்லாத பால்வெட்டுக்காரர்கள் புதைத்தவர் தலைமாட்டில் ஒரு குரோட்டன் கிளையை ஊன்றுவார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் சனங்களை விரட்டிய பிறகு, காய்ந்துபோன இடங்களில் சுகுமாரன்தான் புதுக்கிளைகள் நட்டான். இடுகாடு என்று எழுதினால் வாடிக்கையாளர்கள் சகுனம் பார்ப்பார்கள். சகுனத்தில் துளியும் நம்பிக்கையில்லாதவன் அவர்களுக்குப் பயந்து அதை மறைத்தான்.

சரியான ஆள் வந்தே விட்டார். மகேந்திரன், ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் மேலாளர். பெரிய நிலம், போதிய அவகாசம், வரைவதற்குத் தனி ஊதியம். "உங்க வெப்சைட்டுல அந்தச் செவப்புச் செடி வரிசை, அது மாதிரிதான் வேணும்" என்றார். அவர் சொன்ன இடம் சுகுமாரன் பிறந்த அதே ரப்பர் தோட்டம். ஆனாலும் போனான்.

வாங்க வருபவர்களுக்கு மாதிரியாகக் கட்டிய காட்சி வீட்டின் மாடியிலிருந்து மகேந்திரன் கை நீட்டினார். "அந்த மூலையில பொதரு தெரியுதா? பழைய தோட்டத்து ஆளுங்க வந்து சூடம் கொளுத்திட்டுப் போறாங்க. வீடு வாங்க வர்றவன் பாத்தா ஓடிருவான். சுத்தி உயரமா பாகார் மாதிரி, வேலியா செடிய வச்சு மறைச்சிருங்க."

"அந்தப் படமே அங்க எடுத்ததுதான். மூணாவது செடி எங்கப்பா."

மகேந்திரன் அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டார். "நீயும் தோட்டத்து ஆளா மச்சான்? நல்லதாப் போச்சு. எந்தச் செடி வரும்னு உனக்கே தெரியும்."

"செடி வைக்கிறேன். நடுவுல ஒரு வழி விடணும், சார்."

"பிளான்ல வழி இல்ல. செத்தவங்களுக்கு எதுக்கு வழி?"

"செத்தவங்களுக்கு ஒண்ணும் வேணாம். உசுரோட இருக்கறவங்க நடக்கணுமில்ல?"

மகேந்திரன் கையை எடுத்துக்கொண்டார். "சென்டிமென்ட் பாத்தா பிசினஸ் ஆகாது லா."

சுகுமாரன் படியிறங்கினான்.

"எவ்வளவு நாளுக்கப்புறம் தேடி வந்த ஆளுண்ணே அவரு!" என்று பிரதீபா நொந்துகொண்டாள்.

"ஒரு வரி சேரு. மறைக்கறதுக்குச் செடி வைக்கமாட்டோம்."

சேர்த்தாள். அதன்பின் புல் வெட்டக் கூப்பிடுகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

ஆடி அமாவாசையன்று தன் தாய் கருப்பம்மாளைக் காரில் ஏற்றிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனான். ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் குரோட்டன் வேலி இடைவெளியே இல்லாமல் நின்றது. வேறு யாரோ வேலையை எடுத்திருந்தார்கள். அவன் குனிந்து செடிகளின் இடுக்கில் பார்த்தான். உள்ளே, தலைமாட்டுச் செடிகள் எல்லாம் மொட்டைக் குச்சிகளாக நின்றன. காசு கொடுத்து நாற்று வாங்குவானேன் என்று அவற்றிலிருந்தே கிளைகளை வெட்டி நட்டிருக்கிறார்கள்.

"இதுல எது உங்கப்பன்டா?" என்றாள் கருப்பம்மாள்.

அவன் மூன்றாவது குச்சியைத் தேடி எண்ணினான்; வேலி மறைத்ததில் வரிசை எங்கே தொடங்குகிறதென்றே தெரியவில்லை. அவள் வேலியோரத்துச் சாலையிலேயே சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். காவலாளி விசிலை ஊதிக்கொண்டு வந்தான்.