சிவப்பு மையில் ஒரு ஒப்பு

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. எம்.ஏ. முடித்த சூடு ஆறவில்லை. கேரளத்து உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி, ஓலை வேய்ந்த நீளக் கொட்டகையில் ஒரு பாரலல் காலேஜ் நடந்தது. கல்லூரியில் இடம் கிடைக்காதவர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டு பி.ஏ. பரீட்சை எழுதுவார்கள். அவர்களைத் தேற்றி அனுப்புவது எங்கள் வேலை. தேற்றுவது என்றால் நோட்ஸ் சொல்லுவது, வேறொன்றுமில்லை. வகுப்புகளுக்கு நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. அந்தப் பக்கம் சரித்திரம் சொன்னால் இந்தப் பக்கம் இரண்டு பேர் அதையும் ஆங்கில நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அது பற்றிக்கொண்டு வந்தது. நோட்ஸ் சொல்ல மாட்டேன் என்று முதல் நாளே பிரின்சிப்பாலிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர். ஆள் கிடைக்காத காலம், அதனால் இன்னும் நல்லவராக இருந்தார்.

என் முறை இப்படி. வகுப்பு தொடங்கியதும் ஐந்து நிமிடம் எல்லோரும் கண்ணை மூடி மௌனமாக இருக்க வேண்டும். பிறகு மனதில் வந்ததை ஒரு தனி நோட்டில் எழுத வேண்டும். எந்த மொழியானாலும் சரி. தமிழை மலையாள எழுத்தில் எழுதினாலும் சரி, எழுத வராதவர்கள் படம் வரைந்தாலும் சரி. ஒருவரும் வாசிக்க மாட்டார்கள், நானும் வாசிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆனால் பிரின்சிப்பாலுக்கு ஏதாவது அடையாளம் வேண்டுமே. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் நோட்டுகளை வாங்கி, எழுத்தின் மேல் கண் போகாமல், பக்கத்தின் அடியில் மட்டும் சிவப்பு மையில் ஒப்பு போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். கையெழுத்தை எங்கள் ஊர்ப் பக்கம் ஒப்பு என்போம்.

யாரையும் ஒதுக்காத வகுப்பு என்று எனக்குள் பெருமை பொங்கி வழிந்தது. வீட்டில் கூட அதையே பேசி எல்லோர் காதையும் புளிக்க வைத்தேன்.

அவள் மூன்று வாரம் தாமதமாகச் சேர்ந்தாள். பொழியூர் கடற்கரைப் பெண். தினமும் இரண்டு பஸ் மாறி வந்தாள். அவள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களே இல்லை, இந்த பி.ஏ.வை எப்படியாவது எழுதி முடிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு எல்லாம். முதல் நாள் வாய் திறந்து ஊரைச் சொன்னதும், அவள் பேச்சின் இழுப்பைக் கேட்டுப் பின் வரிசை சிரித்தது. அதன் பிறகு அவள் வகுப்பில் பேசவில்லை. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து, தானும் ஒரு நோட்டு வாங்கி எழுதினாள். நான் வாசிக்க மாட்டேன் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மௌனத்தின் நடுவே முணுமுணுப்பு கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கண்ணை அகல விழித்துக்கொண்டு, உதட்டை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அஞ்சு நிமிஷம் வாய மூடி மிண்டாம இருக்கப் பற்றாதா ஒனக்கு? வெளிய போய் நில்லு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் பயத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. ஏதோ சொல்ல வந்து, பின் வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு, வெளியே போய் ஓலைக் கூரை இறப்பின் கீழ் நின்றாள். அந்த வெள்ளிக்கிழமை மற்றவர்களோடு அவள் நோட்டும் வந்தது. ஒப்பு போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை.

திமிர் பிடித்தவள், தானே வரட்டும் என்று இரண்டு வாரம் வீம்பாக இருந்தேன். பிறகு அவளோடு பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி சொன்னாள்: "டீச்சர், அவ அப்பன் கடல்ல போய்த் திரும்பி வராத்தவராக்கும். ரெண்டு வருஷம் ஆவுது."

அன்று மதியமே பஸ் ஏறினேன். பொழியூரில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கடல் அரித்து அரித்து வாசலுக்குச் சமீபம் வந்திருந்தது. அவள் அம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி எழுந்தாள்.

"அய்யோ டீச்சரே, அவ போன ஞாயிற்றுக்கிழமை குஜராத்துக்குப் போயிட்டாளே. இறால் உரிக்கிற கம்பெனிக்கு. இங்கேருந்து ஆறு பிள்ளேரு போறாங்க, நானும் போறேன்னு நின்னா. படிச்சு முடிச்சிட்டுப் போ மக்கான்னு அழுது கரஞ்சு பார்த்தேன், கேக்கல்ல."

ஏன் படிப்பை விட்டாள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மகள் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த அம்மா உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. எல்லாப் பக்கத்துலயும் டீச்சருக்க ஒப்பு உண்டு. நல்லா எழுதியிருக்காளா?"

மலையாள எழுத்தில், அவர்கள் வீட்டுத் தமிழில், எல்லாமே எனக்கு எழுதியிருந்தாள்.

"டீச்சர், கண்ண அடச்சா அப்பன் வராத்த அன்னு கரையில எல்லாரும் மிண்டாம இருந்தது ஓர்மை வருது. நான் கண்ணத் திறந்து இருக்கட்டா?" அதன் கீழே என் ஒப்பு.

"சம்மதிச்சதுக்கு நன்றி டீச்சர். ஆனாலும் பயமா இருக்கு. மெல்ல ஜெபம் சொல்லட்டா?" அதன் கீழேயும் என் ஒப்பு.

அவளை வெளியே நிறுத்திய வாரத்துப் பக்கத்தில் ஒரே வரி. "டீச்சர்தானே ஒப்பு இட்டது, பின்னே எதுக்கு என்னை வெளிய விட்டீங்க?" அதன் கீழே, கொஞ்சமும் கை நடுங்காமல் போட்ட அதே சிவப்பு ஒப்பு.

"நல்லா எழுதியிருக்கா," என்றேன்.

"கடைசிப் பக்கத்துல மட்டும் ஒப்பு இல்ல பாருங்க," என்றாள் அம்மா. "போற அன்னு எழுதினது. என்னைக்காவது டீச்சரக் கண்டா ஒப்பு வாங்கி வைக்கணும்னு சொல்லியிருக்கா."

திருப்பினேன். "நான் திரும்பி வந்தா வகுப்புல சேப்பீங்களா?"

சிவப்புப் பேனா பையில் இருந்தது. அந்த வரியை எத்தனையோ தடவை வாசித்துவிட்டு அடியில் ஒப்பு போட்டேன். அந்த நோட்டில் நான் வாசித்துப் போட்டது அது ஒன்றுதான். கொட்டகையில் இன்னும் இரண்டு வருடம் வகுப்பெடுத்தேன். அவள் வரவில்லை.