துருப்பிடித்த வைஸ்களும் தூக்கி வந்தவர்களும்

இரும்பை இறுக்கிப் பிடித்து அராவுவதற்காக மேஜையில் மாட்டுகிற வைஸ் இருக்கிறதே, அது பழுதானால் யாரும் நேராக என்னிடம் வருவதில்லை. முதலில் சுத்தியலால் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். எந்தப் பொருளைப் பழுது பார்க்கிறவராக இருந்தாலும் உங்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். இரண்டாயிரங்களில் திருப்பூர்ப் பக்கத்து அருள்புரத்தில் ஒரு லேத்தும் ஒரு வெல்டிங் மெஷினும் வைத்து நான் பட்டதில் சில இங்கே.

மூன்று நாள் ஊறல்

பொங்கலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மோட்டார் ரூமில் கிடந்த வைஸைச் சாக்கில் கட்டி வண்டியில் கொண்டுவந்தார். திருகு அசையவில்லை. கைப்பிடியில் பைப்பைச் செருகி நெம்பியதில் அதுவும் வளைந்திருந்தது. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து தொட்டியில் போட்டேன். தினமும் சாயங்காலம் வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பார். மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, எங்கூட்டுல மாங்காயக்கூட இத்தன நாள் ஊற வெக்க மாட்டாங்க."

புதுப் பல்

திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்குகிறவர் ஒருவர் கொடுத்த வைஸில் பொருளைக் கவ்வுகிற தாடைகள் தேய்ந்து மழமழவென்று இருந்தன. அவர் சரிபண்ணச் சொன்னது திருகை மட்டும்தான். நானாக ஆசைப்பட்டுப் புது எஃகுத் தகட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் பல் வெட்டி மாட்டினேன். அவர் தன் உளியை வைத்து இறுக்கி, எடுத்துப் பார்த்தார். உளியின் உடம்பெல்லாம் கடித்த தடம்.

"கல்லையே நாங்க காயம் படாமப் புடிக்கிறோமுங்க. பழைய தகடு இருந்தா அதையே மாட்டிருங்க."

பார்வைக்கு மட்டும்

ஒரு பனியன் கம்பெனி முதலாளி, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் ஆய்வுக்கு வருகிறார், பெயின்ட் மட்டும் அடித்தால் போதும் என்று ஒரு வைஸை அனுப்பினார். கிரீஸைச் சுரண்டினால் முன் தாடையின் அடியில் விரல் நீளத்துக்கு விரிசல். இறுக்கும்போது தெறித்தால் எதிரே நிற்கிறவன் முகம் போய்விடும். போன் செய்து சொன்னேன்.

"பார்வைக்கு மட்டும்தானுங்க, யாரும் தொட மாட்டாங்க" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தக் கம்பெனி ஃபிட்டரை எனக்குத் தெரியும், கையில் கிடைத்ததை இறுக்கிவிடுவார். அதனால் பச்சைப் பெயின்ட் அடித்து, உள்ளே இருக்கும் நட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு அனுப்பினேன். திருகு சுற்றும், தாடை நகராது. ஆய்வு நாளன்று முதலாளியே போனில் பேசினார்.

"அந்த ஆளு கைப்பிடியச் சுத்திக்கிட்டே நிக்கிறாருங்க. என்னன்னு சொல்லட்டுங்க?"

பாதி அராவிய சாவி

திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஒரு பெண். தையல் மெஷினில் துணியை மடித்துக் கொடுக்கிற சின்னத் தகடுகளை அவர் கணவர் வீட்டிலேயே செய்து கம்பெனிகளுக்குக் கொடுத்துவந்தார். கணவர் இறந்து ஒரு வருஷம். பார்த்துப் பழகிய வேலையை இப்போது இவரே செய்யத் துணிந்திருந்தார். திங்கட்கிழமைக்குள் தகடு போய்ச் சேராவிட்டால் ஆர்டர் கைமாறிவிடும். வைஸோ ஒரு வருஷமாகத் திறக்காமல் துருவேறிக் கிடந்தது.

சூடு காட்டி, தட்டி, ஒருவழியாகத் திறந்தேன். தாடைக்கு நடுவிலிருந்து பாதி அராவிய சாவி ஒன்று விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். வைஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சாவி என் மேஜையிலேயே கிடந்தது. அதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் சங்கடமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வைஸோடு திரும்பி வந்தார். எல்லாத் தகட்டையும் எடுத்துக்கொண்டார்களாம், மேற்கொண்டும் கேட்டிருக்கிறார்களாம். சாவியை எடுத்து நீட்டினேன்.

"அந்தப் பீரோவ வித்தாச்சுண்ணே. இந்தப் பக்கத் தாடை லேசா ஆடுது, அதக் கொஞ்சம் பாருங்க."

இரண்டு தாடை இருந்தும் எந்த வைஸும் என்னிடம் ஒரு குறை சொன்னதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் தூக்கி வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.